சம்பந்தியம்மா கொண்டுவந்த வெட்டுக்கிளிகள்

என் மகளைக் கட்டவிருந்தவரின் தாய் ஜப்பானிலிருந்து வந்த முதல் கிழமையிலேயே என் கணவரை அம்புலன்ஸில் ஏற்றவேண்டி வந்தது. அந்த அம்மா தன் கையால் செய்து கொண்டுவந்த சாப்பாடுதான் காரணம். இதை யாருக்கும் சொல்லத் தொடங்கும்போது எனக்கு இன்னும் ஒரு தயக்கம் வருகிறது. வெட்டுக்கிளி என்ற சொல்லைக் கேட்டதுமே முகத்தைச் சுளிக்கிறார்கள். அதோடு அவர்களுக்குக் கதை முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

நாங்கள் மனோர் பார்க்கில் இருக்கிறோம். முதலில் ஜெர்மனியில் பல வருடம் இருந்து, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதில் லண்டனுக்கு வந்தவர்கள். கணவருக்கு வீடுகளில் பாத்ரூமுக்குக் குழாய், தொட்டி எல்லாம் பூட்டிக் கொடுக்கும் தொழில். நான் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு டொக்டரின் கிளினிக்கில் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். மகள் தன்னோடு வேலை செய்யும் ஒரு ஜப்பான்காரரை விரும்புவதாகச் சொன்னபோது, நான்தான் கொஞ்ச நாள் கதைக்காமல் திரிந்தேன். கணவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து, கதவுப் பிணைச்சல் ஒன்றைக் கழற்றிப் பூட்டும்போது உதவிக்கும் வைத்துக்கொண்டார். அந்த வேலை முடிந்தபோது அவருக்கு மருமகன் கிடைத்துவிட்டார். எனக்கு இன்னும் சில மாதம் பிடித்தது.

கலியாணம் வசந்தத்தில் என்று முடிவாகி, மாப்பிள்ளையின் தாய் எங்களைப் பார்க்க நவம்பரில் வந்தார். மலைகள் சூழ்ந்த நாகனோ என்ற பகுதியில், நெல் விளையும் ஒரு ஊர் அவருடையது. அவருடைய கணவர் உயிரோடு இல்லை. தம்பி இன்னும் வயல் செய்கிறார். ஃபாரஸ்ட் கேட்டில் மகனின் பிளாட்டில்தான் தங்கினார். என் கணவருக்கு இறாலும் நண்டும் ஒத்துவராது என்று மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அந்த அம்மா அதை அவ்வளவு கவனமாக எடுத்திருந்தார். கொண்டுவந்த பலகாரம், சூப்புத்தூள் எல்லாவற்றிலும் இறால் கலந்திருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்து, சந்தேகமானவற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாக மகன் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நான் சைவம், ஆனால் அன்றைக்கு வந்தவர்களுக்காகக் கோழிக்கறியும் வைத்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம். அந்த அம்மா நரைத்த கட்டை முடியும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையுமாக, முதுகு சாயாமல் கதிரை நுனியில் இருந்தார். கத்தரிக்காயை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். சாப்பாடு பாதியில் இருக்கும்போது, துணியில் சுற்றிய ஒரு பெட்டியை மேசையில் வைத்து, இரண்டு கையாலும் என் கணவரின் பக்கமாக நகர்த்தினார்.

உள்ளே கருஞ்சிவப்பாக, பாகு காய்ச்சிப் பிரட்டியது போல ஏதோ பளபளத்தது. உற்றுப் பார்த்த பிறகுதான் கண்ணும் தலையும் தெரிந்தன.

"தத்துவெட்டி" என்றார் கணவர். எங்கள் பக்கத்தில் வெட்டுக்கிளிக்கு அதுதான் பெயர்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தாய் சொல்வதை ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார். நெல் முற்றும் காலத்தில் இவை வயலில் பெருகி இலையைத் தின்றுவிடுமாம். அந்த அம்மா சிறுமியாக இருந்தபோது, விடியக் காலையில் பனியில் நனைந்து அவை குதிக்க முடியாமல் நெல்தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் துணிப்பையோடு இறங்குவார்களாம். பயிருக்கும் நல்லது, வீட்டுக்கும் கறி. பிடித்ததை ஒரு இரவு பையிலேயே வைத்திருந்தால் வயிற்றில் இருக்கும் அழுக்கு போய்விடும். பிறகு அவித்து, பின்னங்கால்களைக் கிள்ளி எடுத்து, சோயா சோஸும் சீனியும் விட்டு வற்றக் காய்ச்சுவது. சொல்லும்போது அந்த அம்மா விரல்களால் கால் கிள்ளிக் காட்டினார். பிறகு மருந்தடிக்கிற காலம் வந்ததாம். அடித்த வயல்களில் சிவப்புக் கொடி நட்டு, பிள்ளைகள் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சில வருடங்களில் வெட்டுக்கிளியே இல்லாமல் போயிற்று. தம்பி மருந்தடிப்பதை நிறுத்திய பிறகுதான் அவை திரும்பி வந்தன. இந்தப் பெட்டியில் இருந்தவை அந்த இலையுதிர் காலத்தில் அந்த அம்மாவே வயலில் குனிந்து பிடித்தவை.

என் கணவர் இதைக் கேட்ட விதத்தை நான் மறக்கமாட்டேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். வன்னியில் அவருடைய தகப்பனுக்கும் வயல் இருந்தது.

"எங்கட ஐயா முதுகில டாங்கியக் கட்டிக்கொண்டு மருந்தடிச்சவர்" என்று என்னிடம் சொன்னார். "அடிச்சுப்போட்டு வந்து வயித்தைப் பிரட்டிச் சத்தியெடுப்பார். இவையின்ர ஊர் ஆக்கள் பூச்சியைப் பிடிச்சுச் சாப்பிட்டிருக்கினம். எங்களுக்கு ஏன் இந்த யோசினை வரேல்ல?"

நான் மெல்லச் சொன்னேன், மரியாதைக்கு ஒன்றை எடுத்தால் போதும் என்று. அவர் ஒன்றை எடுத்து மென்றார். முகம் மலர்ந்தது. நெத்தலிக் கருவாட்டுப் பொரியலில் சீனி போட்டது போல இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, கரண்டியால் அள்ளிச் சோற்றில் போட்டார். அந்த அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் கணவர் யாருடைய சாப்பாட்டையும் மறுக்கமாட்டார். ஜெர்மனியில் நாங்கள் இருந்த முதல் வீட்டில், மேல்மாடிக்காரர் எங்கள் கறி மணக்கிறதென்று கதவில் வந்து தட்டுவார். சமைக்கும் நேரம் படிக்கட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறுவார்கள். குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தோம். அந்த நாட்களுக்குப் பிறகு அவர் எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார், இறாலும் நண்டும் தவிர. இது இறால் இல்லை. அதனால் எங்கள் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

முதலில் அவர் உதட்டைச் சொறிந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு காது இரண்டும் சிவந்ததை நான் கண்டேன். அவர் சிரித்த முகத்தை மாற்றாமல் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அந்த அம்மா பார்த்துவிடக் கூடாது என்றுதான் அப்படி இருந்தார் என்பது எனக்கு விளங்கியது.

"என்னப்பா செய்யுது?"

"மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

இந்த மாதிரி நேரத்துக்கென்று டொக்டர் கொடுத்த, பேனா போன்ற ஊசி ஒன்று அவரிடம் உண்டு. வேலைக்குப் போகும் வான் வண்டியில் வைத்திருப்பார். வீட்டு முன்னால் இடமில்லாததால் வான் அடுத்த தெருவில் நின்றது. மாப்பிள்ளை வண்டித் திறப்பை வாங்கிக்கொண்டு, சப்பாத்தும் இல்லாமல், மேஸ் போட்ட காலோடு மழையில் ஓடினார். மகள் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். கணவரை நிலத்தில் கிடத்தி, கால்களைக் கதிரையில் தூக்கி வைத்தேன். உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு வந்தது. ஊசி வந்ததும் காற்சட்டைக்கு மேலாலேயே தொடையில் குத்தினேன். கிளினிக்கில் மற்றவர்களுக்கு நேர்ஸ் சொல்லிக் கொடுப்பதைப் பலதரம் கேட்டிருக்கிறேன். என் கை அதைச் செய்யும் என்று நினைத்ததில்லை.

இதற்கிடையில் அந்த அம்மா சுவரோடு ஒட்டி நின்றார். கையில் கரண்டி இருந்தது. என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. அம்புலன்ஸில் நானும் மகளும் ஏறினோம். கதவு மூடும்போது, மழையில் வாசலில் நின்று அவர் எங்களைப் பார்த்துக் குனிந்து கொண்டிருந்ததைக் கண்டேன். எனக்கு அப்போது அவர்மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், கண்ணுக்கு முன்னால் நின்றவர்மேல் போய் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த இளம் டொக்டர் தமிழ்நாட்டுக்காரர். நாங்கள் கதைப்பதைக் கேட்டுத் தானாகவே தமிழுக்கு மாறினார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது நான் வெட்டுக்கிளி என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

"இறால் அலர்ஜி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

"அப்ப அதுதான். வெட்டுக்கிளியும் இறாலும் ஒருவகையில சொந்தக்காரங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி புரதம் இருக்கு. ஒண்ணு ஒத்துக்காதவங்களுக்கு இன்னொண்ணும் ஒத்துக்காம போகலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது."

கணவரை இரவு அங்கேயே வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் வீங்கிய முகத்தோடு தேத்தண்ணி கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது குசினி துடைத்துவிட்டது போல இருந்தது. மேசை, சட்டி, கோப்பை, அலுமாரிக் கைபிடி கூடக் கழுவப்பட்டிருந்தன. அந்தப் பெட்டியைக் காணவில்லை. தாய் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டதாக மாப்பிள்ளை சொன்னார். டொக்டர் சொன்னதை நான் சொன்னதும் அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவருடைய நாட்டில் கடையில் விற்கும் வெட்டுக்கிளிப் பொட்டலங்கள் சிலவற்றில் இந்த எச்சரிக்கை அச்சிட்டிருப்பதை முந்தின இரவே போனில் தேடிக் கண்டுபிடித்திருந்தார். தாய் ஒருநாளும் அதைக் கடையில் வாங்கியதில்லை. எப்போதும் பிடித்துச் செய்தவர்.

பிறகுதான் உண்மையான தொந்தரவு தொடங்கியது. வெஸ்ட் ஈலிங்கில் இருக்கும் மச்சாள், கணவரின் அக்கா, அம்மன் கோவிலில் அர்ச்சனை செய்து விபூதியோடு வந்தார். தம்பியின் நெற்றியில் பூசிவிட்டு, மகள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார், "கலியாணத்துக்கு முதலே அவையின்ர கையால இப்பிடி நடந்திருக்கு. கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ. எனக்கு மனசுக்குச் சரியாப் படேல்ல."

மச்சாள் போன பிறகு மகள் தகப்பனிடம்தான் பாய்ந்தாள். ஒன்று போதும் என்று அம்மா சொல்லியும் ஏன் அப்படி அள்ளிச் சாப்பிட்டீர்கள், உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால் அந்த மனுசி எப்படி வாழ்ந்திருப்பார் என்று ஆங்கிலத்தில் கத்தினாள். அந்தப் பக்கத்திலும் நிலைமை நல்லாக இல்லை. தாய் சாப்பிடுவதில்லை என்றும், டிக்கெட்டை மாற்றி முன்கூட்டியே போகப் போவதாகவும் மாப்பிள்ளை மகளுக்குச் சொல்லியிருந்தார். இந்தக் கலியாணத்தைப் பற்றி எங்கள் பக்கம் மறுபடி யோசித்தால் அதில் பிழையில்லை என்றும் அந்த அம்மா சொன்னாராம்.

கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். பிறகு சேர்ட்டை எடுத்துப் போட்டார்.

"நீரும் வாரும்" என்றார் எனக்கு. "சம்பந்தியம்மா ஊருக்குப் போகமுதல் என்ர முகத்தைப் பாக்கவேணும்."

இந்த முகத்தோடா என்று கேட்டேன். உதடு இன்னும் தடித்துத்தான் கிடந்தது. உயிரோடு இருக்கிற முகம், அது போதும் என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனோம். அந்த அம்மா கதவைத் திறந்தவுடனே என் கணவரின் காலடியில் குனியப் போனார். கணவர் தோளைப் பிடித்து நிமிர்த்தி, கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார். மாப்பிள்ளை நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் மாற்றிச் சொன்னார். கணவர் ஜெர்மனிக் கதையைச் சொன்னார். கதவில் தட்டிய மேல்மாடிக்காரரை, குளிரில் திறந்த ஜன்னலை, மூக்கைப் பொத்திய கைகளை. உங்கள் சாப்பாட்டைப் பார்த்து நான் அப்படி முகம் வைத்துவிடக் கூடாது என்று நினைத்தேன், அதற்கு மேல், அது உண்மையிலேயே ருசியாகவும் இருந்தது என்றார். பிழை உங்களில் இல்லை, என் உடம்பில் என்றார்.

அந்த அம்மா மடியைப் பார்த்தபடி மெல்லிய குரலில் கதைக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை கொஞ்சம் மொழிபெயர்த்தார். பிறகு நிறுத்திவிட்டார். தாய் சொல்லிக்கொண்டே போனார். மகன் தாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் காத்திருந்தோம்.

கடைசியில் மாப்பிள்ளை எங்களுக்குச் சொன்னது இதுதான். பள்ளிக்கூடம் முடிந்ததும் தாய் ஊரைவிட்டு நகரத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே விடுதியில் ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது, வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த வெட்டுக்கிளியைக் கூட இருந்த பெண்கள் கண்டுவிட்டார்கள். ஒருத்தி கத்தினாள். மற்றவர்கள் மேசையை விட்டு எழும்பிப் போனார்கள். பிறகு அந்த விடுதியில் இருந்த காலம் முழுக்க அவருக்கு அந்தப் பூச்சியின் பெயர்தான் பட்டப்பெயர். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வெளியே எவருக்கும் அதைப் பரிமாறியதில்லை. கட்டிய கணவருக்குக் கூட, அவர் நகரத்துக்காரர் என்பதால், செய்து கொடுக்கவில்லை. மகனோடு மட்டும் குசினியில் இருந்து சாப்பிடுவார். மகன் கட்டப்போகும் பெண்ணின் தகப்பனும் நெல் விதைக்கிற வீட்டில் பிறந்தவர் என்று அறிந்தபோதுதான், இவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

"நான் இதைக் கேள்விப்பட்டதே இல்லை" என்று மாப்பிள்ளை எங்களிடம் சொன்னார். "அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமான சாப்பாடு என்று நினைத்திருந்தேன்."

என் கணவர் எழும்பிப் போய் ஜன்னலோரம் நின்றார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். சுடுதண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கிடந்து விரல் நுனிகள் வெடித்திருந்தன. அன்றைக்கு என் குசினியைக் கழுவிய கை. வாசலில் நின்றவரைப் பார்த்து எனக்கு வந்த கோபம் போயிற்று. ஆனால் அந்த இடத்தில் நிம்மதி வரவில்லை.

கலியாணம் தள்ளிப்போகவில்லை. அந்த அம்மாவும் டிக்கெட்டை மாற்றவில்லை. வசந்தத்தில் முதலில் பதிவு, பிறகு எங்கள் முருகன் கோவிலில் தாலி கட்டு. மச்சாள் வந்தார், முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தார், கடைசியில் சம்பந்தியம்மாவுக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டார். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரித்தான். ஆனால் அந்த அம்மா அந்த முறை ஒரு இனிப்புக் கூடக் கொண்டுவரவில்லை. கோவில் மண்டபத்தில் என் கணவர் ஒவ்வொரு வாய் எடுத்து வைக்கும்போதும் அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், தன் இலையில் ஒன்றும் தொடாமல். மகனின் பிளாட்டில் தங்கியிருந்தபோது, நாங்கள் போகும் நாட்களில் அடுப்பு மூட்டுவதில்லை. கடையில் வாங்கிய பிஸ்கட்டை, பொட்டலம் பிரிக்காமல், எங்கள் கைக்கே தருவார். அதில் எழுதியிருப்பதை நாங்களே வாசித்துப் பார்க்கட்டும் என்று.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் வயலில் இறங்கவில்லை. மகன் போனில் கேட்டபோது, முழங்கால் நோ என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். மருமகன் எங்கள் வீட்டில் இருந்து தாயோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில், நான் அவரிடம் சொல்லச் சொன்னேன், "உங்கட மகனுக்கு எண்டாலும் செய்து குடுங்கோ. அவருக்கு விருப்பம்தானே." அந்த அம்மா தலையாட்டினார். பிறகு வேறு ஏதோ சொன்னார். அதை மருமகன் உடனே சொல்லவில்லை. கேட்ட பிறகுதான் சொன்னார். பிடிக்க ஆளில்லாமல் வெட்டுக்கிளி பெருகி, இலையெல்லாம் ஓட்டையாகி, இந்த வருடம் தம்பி மருந்தடித்துவிட்டாராம்.

கணவர் அடுத்த நாள் வேலைக்குப் போக வெளிக்கிடும்போது என்னிடம் சொன்னார், "நான் சாகேல்ல, தப்பிட்டன். ஆனா அவவிட்ட இருந்து ஒண்டைப் பறிச்சுப்போட்டன்."

நீங்கள் ஒன்றும் பறிக்கவில்லை, மரியாதையாகத்தானே சாப்பிட்டீர்கள் என்றேன். ஓம் என்றார். வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னதை நானே நம்பினேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். ஒருவரும் பிழை செய்யவில்லை. எல்லாரும் மற்றவரை நோகடிக்கக் கூடாது என்றுதான் நடந்தோம். அப்படியிருந்தும் ஒரு மனுசி, வாழ்நாளில் ஒரே ஒரு தரம் துணிந்து திறந்த பெட்டியை மூடிக்கொண்டுவிட்டார். அதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வரும் கோடையில் அவரை மறுபடி கூப்பிட்டிருக்கிறோம். இம்முறை எங்கள் வீட்டில்தான் தங்கவேண்டும், என் குசினியில் அவருக்கு விருப்பமானதைச் சமைக்கவேண்டும் என்று கணவர் பிடிவாதமாக நிற்கிறார். மருமகன் அதை அப்படியே தாய்க்குச் சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்ன அந்த அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.